தண்ணீருக்கும் கசந்த பாகற்காய்

பக்தி போதாமல் கெட்டுப்போனவர்களைப் பற்றி ஊரில் நிறையப் பேர் பேசுகிறார்கள். பக்தி கொஞ்சம் கூடிப்போய், ஒரு ஆராய்ச்சிக் கூடத்தையே கவிழ்க்கப் பார்த்தவள் நான். இதை என் கையாலேயே எழுதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒப்புக்கொள்வது வேறு, தப்பு முழுக்க என்னுடையதுதான் என்று தலையாட்டுவது வேறு. இந்தக் கதையை என் வீட்டுக்காரர் வாயால் கேட்டவர்கள் செங்கல்பட்டில் ஏராளம். அவர் சொல்கிற விதத்தில் நான் ஒரு கோமாளி. அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், இருக்கட்டும்.

என் பெயர் தேவகி. படிப்பு பத்தாவது (கணக்கில் பாஸ் ஆனது பிள்ளையார் போட்ட பிச்சை). வீட்டுக்காரர் டூவீலர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். பெண் காலேஜுக்குப் போக ஆரம்பித்ததும், பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானேன் என்று சிறுசேரிப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கண்ணாடிக் குப்பிகளைக் கழுவிக் காயவைப்பது, மேஜை துடைப்பது, வந்தவர்களுக்குக் காபி கொடுப்பது. காலையில் திருப்போரூர் பஸ். கோபுரம் தெரியும்போது ஜன்னல் வழியாகவே முருகனுக்கு ஒரு கும்பிடு. அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

அந்தக் கூடத்துக்குத் தலைவி டாக்டர் நித்யா மேடம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கும்பகோணத்துப் பக்கத்துப் பெண். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் கீழே கேளம்பாக்கத்துக்காரர் கார்த்தி. எம்.எஸ்ஸி. படித்தவர், ஆனால் பேச்சு மட்டும் மார்க்கெட்டில் படித்தது.

இவர்கள் என்ன ஆராய்ச்சி செய்தார்கள் என்பதை நான் சொன்னால்தான் என் ஆத்திரம் உங்களுக்குப் புரியும். மேடம் எனக்கு ஒரு நாள் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார்.

"அக்கா, நம்ம உடம்புல டி.என்.ஏ.ன்னு ஒரு நூல் இருக்கு. ரெண்டு இழை முறுக்கினது. பிரிச்சுவிட்டா ஒவ்வொரு இழையும் தன் ஜோடியைத்தான் பிடிக்கும், வேற எதையும் பிடிக்காது. நாங்க ஒரு சின்ன இழையை இங்கேயே செய்யறோம். அதோட ஒளிரற பாலிமரைக் கோத்துடறோம். பாலிமர்ன்னா சங்கிலி மாதிரி நீளமான பொருள். ரத்தத்துல நாங்க தேடற ஜோடி இருந்தா இந்த இழை போய் ஒட்டிக்கும். ஊதா வெளிச்சம் காட்டினா சங்கிலி முழுக்கப் பளிச்சுன்னு ஒளிரும். ஜோடி இல்லைன்னா இருட்டு."

"ஒரு பல்பு போதாதா மேடம்? எதுக்குச் சங்கிலி?"

"ஒரு பல்பு மினுக்குன்னுதான் எரியும். கண்டுபிடிக்கப் பெரிய மிஷின் வேணும். சங்கிலின்னா ஒரு இடத்துல ஒட்டினாலே மொத்தமும் எரியும். சின்னப் பெட்டி போதும்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆடித் திருவிழாவுக்கு அம்மன் கோயிலில் கட்டுகிற சீரியல் செட்டுதான் இது. பிளக் சரியாகச் சேர்ந்தால் தெரு முழுக்க வெளிச்சம்.

பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகிற ஒரு ரத்த வியாதியைக் கல்யாணத்துக்கு முன்பே கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடு. அந்தச் சின்னப் பெட்டியை ஊர் ஊராக ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்துவிடலாம் என்பது மேடத்தின் கனவு. அவருடைய சித்தி பையன் ஒருவன் அந்த வியாதியோடு மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டு இருந்தவன். இப்போது இல்லை. அதை மேடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நான் அன்றே திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், சரஸ்வதி பூஜை லீவுக்கு முந்தின நாள், அந்தப் பெட்டியைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு குழு வருவதாக முடிவாயிற்று. அவர்கள் சரி என்றால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் மார்ச் மாதத்தோடு கூடத்துக்குப் பூட்டு. மேடத்தின் ஆறு வருஷ உழைப்பு ஒரே நாள் சோதனையில் நின்றது.

இப்போது சொல்லுங்கள். லீவுக்கு முந்தின நாள்தான் ஆபீஸ்களில் ஆயுத பூஜை. அதே நாளில் பரீட்சை. மேடம் என்ன சொன்னார் தெரியுமா?

"அக்கா, பூஜையெல்லாம் அவங்க போன அப்புறம் சாயங்காலம் வெச்சுக்கலாம். மிஷின் பக்கம் யாரும் எதுவும் வைக்காதீங்க."

பரீட்சை எழுதி முடித்துவிட்டு வந்து பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிற பிள்ளையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? பேப்பர் கொடுத்த பிறகு கும்பிட்டு என்ன பிரயோஜனம்? மனசுக்குள்ளேயே சண்டை போட்டேன். படித்தவர்களுக்குப் படிப்பு இருக்கிற இடத்தில் இந்தச் சின்ன விஷயம் தங்குவதில்லை, அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று (அப்போது எனக்கு அவ்வளவு திமிர்) முடிவு கட்டினேன்.

அன்று காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டேன். தலைக்குக் குளித்து, முகத்துக்கும் காலுக்கும் மஞ்சள் பூசி, தாலிக்கயிற்றுக்கும் மஞ்சள் தடவி, கையில் இரண்டு அடுக்கு எலுமிச்சை சாதம், சுண்டல். வாசலில் இருந்த செக்யூரிட்டி, "இன்னாம்மா, கல்யாணமா?" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே அந்தப் பெட்டி, நம் வீட்டு இட்லிக் குண்டான் அளவு. மூடியைத் திறந்தால் கறுப்புப் பலகை, அதில் தொண்ணூற்றாறு குட்டிக் குட்டி ஓட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு குப்பி உட்காரும்.

எங்கள் வீட்டு முறையை இங்கே சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர் ஆயுத பூஜையில் ஒரு ஸ்பேனரைக்கூட விடமாட்டார். எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர், திருப்புளி, கிரீஸ் டப்பா, காற்றடிக்கிற பம்பு, எல்லாவற்றுக்கும் பொட்டு. "ஒண்ணு வுட்டேன்னா அது வருசம் பூரா கோச்சுக்கினு இருக்கும்" என்பார். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நான் அரைகுறையாகப் பூஜை செய்வேனா? பெட்டியின் மேல் ஒரு பொட்டு வைத்து ஏமாற்றுகிற புத்தி எனக்கு இல்லை. காது குடைகிற பட்ஸை மஞ்சள் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, தொண்ணூற்றாறு ஓட்டையிலும் ஒரு சொட்டு வைத்தேன். கணக்கில் வீக்காக இருந்தவள், அன்றைக்கு மட்டும் ஒன்றுகூட விடாமல் எண்ணினேன்.

கையுறை போட்டுக்கொள்ளவில்லை. கையுறை போட்டுக்கொண்டு சாமிக்குப் பொட்டு வைக்கிறவள் உண்டா?

அப்புறம்தான் பயம் வந்தது. மேடம் பார்த்தால்? உடனே ஈரத்துணியால் உள்ளும் புறமும் நன்றாகத் துடைத்துவிட்டேன். பொட்டு மறைந்தது. சாமிக்குத் தெரியும், மேடத்துக்குத் தெரியாது. (துடைத்ததில் அது ஒழியவில்லை, எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவியது என்று பிறகு கார்த்தி விளக்கினார். யார் கேட்டார்கள் அவரை?)

பதினொரு மணிக்குக் குழு வந்தது. தலைவர், சென்னையில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை மீசை, கனமான பேச்சு. கூட டெல்லியிலிருந்து இரண்டு பேர். அவர்களுக்கு மாமல்லபுரம் பார்க்க வேண்டும், வெயில் தாழ்வதற்குள் சிற்பங்களைப் படம் எடுக்க வேண்டும். வந்ததிலிருந்து கடிகாரத்தையே பார்த்தார்கள்.

வியாதி உள்ளவர்களின் ரத்தத்தை வைத்து விளையாட்டுக் காட்ட முடியாதே. அதனால் மேடம் தீங்கில்லாத ஒன்றை வைத்துக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார். சிலருக்குப் பாகற்காய் கசப்பு நாக்கைப் பிய்க்கும், சிலருக்கு அவ்வளவாகத் தெரியாது. அதுவும் பிறப்பிலேயே டி.என்.ஏ.வில் எழுதியிருக்குமாம். வந்த மூன்று பேர் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுத்தார்கள். கார்த்தியுடையது ஒன்று. கடைசியாக வெறும் தண்ணீர் ஒரு குப்பி. தண்ணீர்க் குப்பி இருட்டாகவே இருந்தால்தான் பெட்டி பொய் சொல்லவில்லை என்று அர்த்தம்.

"எனக்குப் பாகற்காய் வாசனையே ஆகாது. பார்ப்போம், உங்க பெட்டி கண்டுபிடிக்குதான்னு" என்றார் தலைவர்.

"நமக்குப் பாவக்கா சிப்ஸ் கணக்கா சார். நமக்கு இருட்டாதான் வரும்" என்றார் கார்த்தி.

வேலை நடக்கிற நேரத்தில் நான் எலுமிச்சை சாதம் பரிமாறினேன். மேடம் பிஸ்கட் வாங்கிவைத்திருந்தார். தலைவர் பிஸ்கட்டைத் தள்ளிவிட்டு, ஸ்பூனையும் தள்ளிவிட்டு, கையாலேயே இரண்டு தட்டு சாப்பிட்டார். அப்போது எனக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது.

திரையில் ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு பச்சைக் கம்பம் எழும். முதல் கம்பம் எழுந்தது. தலைவர் சிரித்தார். இரண்டாவது, மூன்றாவது. கார்த்தியுடையதும் எழுந்தது. கார்த்தியின் முகம் சுருங்கியது. கடைசியாக இன்னொரு கம்பம், மற்றவற்றுக்குச் சற்றும் குறையாமல், கொடிமரம் மாதிரி நின்றது.

"இந்தக் கடைசிக் கம்பம் யாரும்மா?"

மேடம் குப்பியின் எண்ணை இன்னொரு தடவை சரிபார்த்தார். "அது... வெறும் தண்ணி சார்."

"ஓ. தண்ணிக்கும் பாகற்காய் கசக்குமா?"

டெல்லிக்காரர்களுக்கு அவரே மொழிபெயர்த்துச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண் ஆறு வருஷம் கண்விழித்துச் செய்ததைப் பார்த்து, சிரிக்க எப்படி வாய் வருகிறது?

"சார், எங்கேயோ கலந்திருக்கு. எல்லாம் புதுசா எடுத்து இன்னொரு தடவை ஓட்டறோம்" என்றார் மேடம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு தடவை."

மேடமும் கார்த்தியும் பக்கத்து அறையில் புதுத் திரவம் கலக்கப் போனார்கள். குழு வராந்தாவில் காபி குடித்தது. நானும் பெட்டியும் மட்டும். என் மூளை வேலை செய்ததை இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. காரணம் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது: பொட்டைத் துடைத்தேனே! வைத்த பொட்டைத் துடைத்தால் தெய்வக் குற்றம் வராமல் என்ன வரும்? "முருகா, என் புத்தியைச் செருப்பால் அடி, அந்தப் பெண்ணை விட்டுவிடு" என்று மனசுக்குள் அழுதுகொண்டே பட்ஸை எடுத்தேன். மறுபடியும் தொண்ணூற்றாறு. இந்தத் தடவை மஞ்சள் கொஞ்சம் தாராளம். இந்தத் தடவை துடைக்கவும் இல்லை. கறுப்புப் பலகையில் ஒன்றும் தெரியவில்லை. மூடியை மூடித் தொட்டுக் கும்பிட்டேன்.

இரண்டாவது சோதனையில் கம்பங்கள் திரையின் கூரையை இடித்தன.

தண்ணீர்தான் முதலிடம். குப்பியே வைக்காத ஓட்டைகளும் எழுந்து நின்றன.

"மேடம்," கார்த்தி மெல்லச் சொன்னார், "ஒண்ணுமே இல்லாத ஓட்டைகூடக் கசக்குதுன்னு சொல்லுது மேடம். மெய்யாலுமே பேஜாரா கீது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர், உங்க நோக்கம் நல்லது. ஆனா இதை நம்பி ஒரு பொண்ணோட கல்யாணத்தை எப்படி நிறுத்தறது, எப்படி நடத்தறது? நீங்களே சொல்லுங்க."

மேடத்தின் கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது, விழவில்லை. அதைப் பார்த்த நொடியில் எனக்கு அந்தத் தலைவர் மேல் வந்த கோபம், அந்தப் பெட்டி மேல் வந்த கோபம், முருகன் மேல் வந்த கோபம் எல்லாம் ஒன்றாகப் பொங்கியது. எல்லார் மேலும் வந்தது. என் மேல் மட்டும் வரவில்லை பாருங்கள்.

"வெளி வெளிச்சம் எங்கனா உள்ள பூருதான்னு பார்த்துக்கலாம் மேடம்" என்று கார்த்தி ஜன்னல் திரையை இழுத்து, விளக்கை அணைத்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு அறை கும்மிருட்டானது. கையிலிருந்த சின்ன ஊதா டார்ச்சைப் பெட்டி மேல் அடித்தார்.

பெட்டி முழுக்க விரல் தடம். பச்சை கலந்த மஞ்சளாக, கோயில் சுவரில் எண்ணெய்க் கை வைத்த மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக.

டார்ச் நகர்ந்தது. மேஜை விளிம்பில் ஐந்து விரல். கதவுக் கைப்பிடியில் ஐந்து விரல். காபி பிளாஸ்க் மூடியில். மேடம் உட்காருகிற நாற்காலியின் முதுகில் (அது ஆசீர்வாதமாகத் தடவிக் கொடுத்தது). டார்ச் இன்னும் நகர்ந்தது. தலைவரின் வலது கை விரல்கள் ஒளிர்ந்தன. நிமிர்ந்தது. அவருடைய மீசை ஓரம் ஒளிர்ந்தது. அவர் திடுக்கிட்டு மீசையைத் தொட்டுப் பார்த்தார்.

கடைசியாக டார்ச் மூலைக்கு வந்தது.

மூலையில் நான் நின்றிருந்தேன். முகம், கழுத்து, கயிறு, இரண்டு உள்ளங்கை, ஓடிப்போக நினைத்துத் தூக்கிய பாதத்தின் ஓரம் வரை, நான் முழுசாக எரிந்துகொண்டிருந்தேன்.

"யக்கா..." என்றார் கார்த்தி. "நீயா?"

விளக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை. இருட்டிலேயே மேடம் கேட்டார்.

"அக்கா, பூஜை போட்டீங்களா?"

"போட்டேன் மேடம்."

"எங்க பொட்டு வெச்சீங்க?"

"ஓட்டையில."

"எந்த ஓட்டையில?"

"எல்லாத்துலயும்தான். ஒண்ணு விட்டா தோஷம் மேடம்."

"எப்போ?"

"காலையில ஒரு தடவை. இப்போ காபி நேரத்துல ஒரு தடவை."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று இருட்டில் தெரியவில்லை. அப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள். மஞ்சளுக்கு இயல்பாகவே அந்தக் குணமாம். ஊதா வெளிச்சம் பட்டால் அதுவும் பாலிமர் மாதிரியே ஒளிருமாம். இருக்கட்டும், ஆனால் நான் கேட்கிறேன். நூலுக்குள் நூலாக ஒளிந்திருக்கிற வியாதியைக் கண்டுபிடிக்கிற பெட்டிக்கு, மளிகைக் கடை மஞ்சளைத் தெரியாதா? எங்கள் தெருவில் கண் தெரியாத கிழவி ஒருத்தி மஞ்சளை மோந்தே சொல்வாள்.

இதை அன்றும் கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். தலைவர் பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

"அம்மா, இதைத் துடைச்சா போகுமா?"

"தண்ணியில போகாது சார், ஸ்பிரிட்ல போகும்" என்றார் கார்த்தி.

டெல்லிக்காரர் ஒருவர் கடிகாரத்தைக் காட்டினார். தலைவர் அவரிடம் சொன்னதை மேடம் பிறகு எனக்குத் தமிழில் சொன்னார். மாமல்லபுரத்துப் பாறைகள் இத்தனை காலமாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன, நாளைக்குப் போனாலும் அங்கேதான் இருக்கும் என்றாராம்.

கையுறை மாட்டிக்கொண்டு நானே உட்கார்ந்தேன். பஞ்சும் ஸ்பிரிட்டும். ஒவ்வொரு ஓட்டையாக. நான் வைத்த பொட்டை நானே அழிக்கும்போது மனசு ஒப்பவில்லை. ஆனால் மேடத்தின் கண்ணில் தளும்பியது என் முன்னால் நின்றது. முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தொண்ணூற்றாறையும் துடைத்தேன். கார்த்தி டார்ச் அடித்துப் பார்த்தார். பலகை இருண்டு கிடந்தது. என்னை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்த்தேன்.

தலைவருடைய கம்பம் எழுந்தது. டெல்லிக்காரர்களில் ஒருவருக்கு எழுந்தது, ஒருவருக்கு இல்லை. கார்த்தி இருட்டு. தண்ணீர், தரையோடு தரை.

தலைவர் கதவைத் திறந்துகொண்டு வந்து முதலில் என்னிடம்தான் பேசினார். "கல்யாணமான நாள்லேர்ந்து என் சம்சாரம் சொல்லிக்கிட்டிருக்கா, பாகற்காய் கசக்குதுன்னு நான் நடிக்கிறேன்னு. இன்னிக்குப் போய்ச் சொல்றேன்."

அனுமதி கிடைத்தது. இன்றைக்கு அந்தப் பெட்டி சில சுகாதார நிலையங்களில் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. முருகன் என் வேண்டுதலைக் கேட்கத்தான் செய்தான். கேட்ட விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு விஷயத்தில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஒன்று, குழு எழுதிய அறிக்கை. அதில் நடந்ததை 'மஞ்சளால் ஏற்பட்ட மாசு' என்று எழுதியிருந்தார்கள். மாசாம். மஞ்சள் மாசாம். கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் தடவுவது மாசா? மேடத்திடம் நேராகவே கேட்டேன். "வேற என்னக்கா எழுதறது?" என்றார். "மங்களம்னு எழுதுங்க" என்றேன். எழுதவில்லை. அதற்குப் பதில், எந்தச் சோதனைக்கும் முன்னால் குப்பி வைக்காமல் பெட்டியை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று புது விதி போட்டார்கள். அதற்குக் கூடத்தில் என்ன பெயர் என்று நினைக்கிறீர்கள்? 'தேவகி பார்த்தாச்சா?'

இன்னொன்று, என் வீட்டுக்காரர். அன்று சாயங்காலம் நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு, ஆறுதல் சொல்லாமல், தரையில் உருண்டு சிரித்த மனுஷன். அன்றிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் அதே பேச்சு. குழம்பில் உப்பு கூடிவிட்டதா, ரிமோட்டைக் காணோமா, டம்ளர் உடைந்ததா, உடனே கையைத் தூக்கிவிடுவார். "லைட்டை அணைங்கப்பா. இன்னார்னு தன்னால தெரிஞ்சிடும்." சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் சொன்னார். என் பெண்ணைப் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாரிடமும் சொன்னார். அவர்களும் சிரித்துவிட்டு அந்தச் சிரிப்போடேயே பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். அதனால் அன்றைக்கு மட்டும் மன்னித்தேன்.

போன மாதம் டாக்டர் அவருக்குப் பிரஷர் என்று சொல்லி, ஊறுகாயைத் தொடவே கூடாது என்றார். நான் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தால் ஜாடி பாதி காலி. பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். "யார் எடுத்தது?" என்றேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கு இன்னா தெரியும்? எலி கிலி எதுனா பூந்திருக்கும்" என்றார்.

எழுந்து போய் டிவியை நிறுத்தினேன். சுவிட்சைத் தட்டி விளக்கையும் அணைத்தேன். என் கையில் டார்ச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. சும்மாத்தான் நின்றேன்.

இருட்டில் யாரோ நெளிந்து உட்காரும் சத்தம் கேட்டது. அப்புறம் சோபா பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ரெண்டே ரெண்டு துண்டுதான் தேவகி. லைட்டைப் போடு."